வாணிகக் குறிகள்

சிறு கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் வாணிகக் குறி வரைந்து கொடுப்பது என் தொழில். நான் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறும் ஓவியன் அல்லேன். எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர் வருவார். ஊதுவத்தி உருட்டுபவர் வருவார். வீட்டுத் திண்ணையில் அப்பளம் இட்டு விற்பவரும் வருவார். வந்து அமர்ந்து, “நம்ம சரக்குக்கு ஒரு மார்க்குப் போட்டுக் கொடுங்கள்” என்பார். அவருக்கு அஃது ஒரு நாள் வேலையாகத் தோன்றும். எனக்கோ சில சமயம் ஒரு மாதம் ஆகும். இவ்வளவு சிறிய படத்திற்கு இத்தனை நாளா என்று வியப்பவர் பலர். அவ்வியப்புக்கு விடை கூற வேண்டுமாயின், இச்சிறு படங்களின் வரலாற்றையே கூற வேண்டும். அதனைக் கூறும்போது, என் வாழ்வில் நான் செய்த ஒரு பிழையையும் கூறாமல் இருக்க இயலாது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

‘மார்க்கு’ என்பது ஆங்கிலச் சொல்லாயினும் நம் கடைத்தெருவில் என்றோ தமிழாகிவிட்டது. நம் முன்னோர் பொறி என்றும் இலச்சினை என்றும் வழங்கினர். பட்டினப்பாலையைப் படித்த மாணவர்கள், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்து கிடந்த பொதிகள்மீது சோழனின் புலிப்பொறி இடப்பட்டதை அறிவர். ஆனால் அஃது அரசனுடைய குறி. சுங்கம் கண்காணிப்போர் இட்ட முத்திரை அது. பொருளைச் செய்தவன் யார் என்பதை அப்புலி சொல்லவில்லை. செய்தவன் தன் பெயரைத் தன் பொருளின்மேல் பொறிப்பது வேறொரு வழக்கம்.

அவ்வழக்கத்திற்கும் சான்று நம் கடற்கரையிலேயே கிடைத்தது. புதுச்சேரிக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெசோ நகரத்து மரபில் வனையப்பட்ட, செம்மெருகு ஏறிய மட்கலங்களின் துண்டுகள் அங்கே கிடைத்தன. சில துண்டுகளில் குயவர்களின் முத்திரை இருந்தது. விபி, காமுரி, இத்தா என்பன அங்குக் காணப்பட்ட பெயர்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இத்தாலியக் குயவன், தான் ஒருபோதும் காணப்போகாத ஒரு கடற்கரைக்குத் தன் பெயரை அனுப்பியிருக்கிறான். அந்த இலத்தீன் எழுத்தை இங்கே எத்தனை பேர் வாசித்திருப்பர்? மிகச் சிலரே இருந்திருக்கக்கூடும். மற்றவர்க்கு அது எழுத்தன்று. கலத்தின்மேல் காணும் ஓர் அடையாளம், அவ்வளவே. வாணிகக் குறியின் இயல்பு முழுவதும் இதில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுவதுண்டு. இடுபவன் ஒன்றை எழுதுகிறான். காண்பவன் வேறொன்றைக் காண்கிறான்.

இனி, பல நூற்றாண்டுகளைத் தாண்டி இங்கிலாந்துக்கு வருவோம். இயந்திரங்கள் பெருகிப் பண்டங்கள் கப்பல் கப்பலாக வெளியேறிய காலம். விற்பவனை வாங்குபவன் நேரில் அறிந்திருந்த நிலை மாறிற்று. முகம் மறைந்தவுடன் குறிக்கு விலை ஏறிற்று. விலை ஏறியவுடன் திருட்டும் தொடங்கிற்று. 1875-ஆம் ஆண்டு அந்நாட்டில் வாணிகக் குறிகளைப் பதிவு செய்வதற்குச் சட்டம் இயற்றினர். 1876-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளில் பதிவேடு திறக்கப்பட்டது. அதில் முதல் எண்ணைப் பெற்றது பாஸ் என்னும் மதுவடிப்பாலையின் சிவப்பு முக்கோணம். ஒரு முக்கோணம், உள்ளே சிவப்பு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இவ்வளவு எளிய குறியை வரைந்து கொடுத்தால் என் வாடிக்கையாளர்கள் பணம் தர மறுப்பார்கள்! ஆனால், பிரெஞ்சு ஓவியர் மானே 1882-இல் தீட்டிய புகழ்பெற்ற மதுக்கூட ஓவியத்தில், மேசைமேல் நிற்கும் புட்டிகளிடையே அந்தச் சிவப்பு முக்கோணம் தெளிவாகத் தெரிகிறது. பிறர் ஓவியத்திலும் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆற்றல் அக்குறிக்கு இருந்தது.

அதே 1882-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு நம் நாட்டைப் பற்றியது. அதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

அக்காலத்தில் மாஞ்செஸ்டர், கிளாஸ்கோ முதலிய இடங்களிலிருந்து துணியும் நூலும் மலைமலையாக இந்தியாவுக்கு வந்து இறங்கின. ஒவ்வொரு துணிக்கட்டின்மீதும் பொன்னும் சிவப்பும் நீலமுமாக அச்சிட்ட ஒரு வண்ணச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். யானை, மயில், புலி, அரசர், நம் தெய்வங்கள் என அனைத்தும் அச்சீட்டுகளில் இடம் பெற்றன. இங்கிலாந்தை விட்டு வெளியேறாத ஓவியர்கள் நம் தெய்வங்களை வரைந்தனர். கைகளின் எண்ணிக்கை சில சமயம் கூடியும் குறைந்தும் போயிற்று. எனினும் வாங்குபவர்கள் அச்சீட்டைப் பார்த்தே துணியை எடுத்தனர். துணியின் நெருக்கமும் நூலின் நயமும் கண்ணால் கண்டு உடனே தேர்ந்துவிடக் கூடியவை அல்ல. சென்ற முறை எந்தச் சீட்டு ஒட்டிய துணி நன்றாக உழைத்ததோ, அதே சீட்டை மீண்டும் தேடுவதே அவர்கள் அறிந்த தேர்வு.

கிளாஸ்கோவுக்கு அருகே, லெவன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், துருக்கிச் சிவப்பு என்னும் சாயம் ஏற்றிய நூலை ஆர் யூயிங் என்னும் நிறுவனத்தார் அனுப்பி வந்தனர். அவர்களது சீட்டில் இரண்டு யானைகள் இருந்தன. பம்பாயில் அந்நூலுக்கு நிறுவனத்தின் பெயர் வழங்கவில்லை. ‘பே ஹாத்தி’ என்றே கேட்டு வாங்கினர். குசராத்தி மொழியில் அதற்கு ‘இரண்டு யானை’ என்று பொருள். பின்னர் ஜான்ஸ்டன் என்னும் வேறொரு நிறுவனத்தாரும் தம் சிவப்பு நூலை இரண்டு யானைச் சீட்டுடன் அனுப்பத் தொடங்கினர். முதலாமவர் வழக்குத் தொடுத்தனர்.

மாணவர்களே, நீங்கள் நீதிபதியாக இருந்தால் எவ்வாறு தீர்ப்பு அளிப்பீர்கள்? இரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு வெளிப்படை. யானைகள் நின்ற கோலம் ஒன்றன்று. சுற்றிலும் அமைந்த அணிகளும் ஒன்றல்ல. இலண்டனில் வாழும் ஒருவர் ஒன்றை மற்றொன்றாகக் கருத இடமே இல்லை. எதிர்வாதிகளும் அதையே சொன்னார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. அங்கே செல்பர்ன் பிரபு, சீட்டுகளின் தோற்றத்தை மட்டும் நோக்கின் எவரும் மயங்கமாட்டார் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அச்சீட்டுகள் இலண்டனில் உள்ளவர்க்காக அச்சிடப்பட்டவை அல்லவே என்றும் கருதினார். ஏடனிலும் இந்தியாவிலும் உள்ள, ஆங்கிலம் வாசிக்க அறியாத மக்களே அவற்றைப் பார்த்து நூல் வாங்குவோர். அவர்களுக்கு அது ‘இரண்டு யானை நூல்’. யானைகள் எவ்வாறு நின்றாலும் இரண்டு யானை இரண்டு யானையே. ஆகவே எதிர்வாதிகளின் செயல் தவறு என்று சபை தீர்த்தது.

இத்தீர்ப்பை நான் முதன்முதல் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் நெசவாளியின் துன்பத்தைக் கேட்க மனமில்லாத ஓர் அரசு, அவன் கண் எதனைக் காண்கிறது என்பதை மட்டும் இவ்வளவு நுட்பமாகக் கேட்டு அறிந்திருக்கிறது. அதுவும் அவன் நன்மைக்காக அன்று. கிளாஸ்கோ வணிகரின் ஊதியத்துக்காக. இருந்தாலும் உண்மை உண்மைதான். குறியின் பொருளைத் தீர்மானிப்பவன் அதை வரைந்தவனும் அல்லன், அதற்குப் பணம் கொடுத்தவனும் அல்லன். கடையில் நின்று வாய்திறந்து கேட்பவன் எவனோ, அவனே தீர்மானிக்கிறான்.

இந்தியாவில் இத்தகைய பதிவேடு ஏற்பட நெடுங்காலம் சென்றது. 1889-ஆம் ஆண்டுச் சட்டம் பொய்க் குறி இடுவோர்க்குத் தண்டனை விதித்ததே அன்றி, குறியைப் பதிவு செய்ய வழி வகுக்கவில்லை. ஆகவே தொழில் நடத்துவோர், ‘இக்குறி எம்முடையது’ என்று ஓர் ஆவணம் எழுதி அதனைப் பதிவு செய்துவிட்டு, நாளிதழில் எச்சரிக்கை விளம்பரம் வெளியிடுவர். பிறர் அஞ்சினால் நன்று. அஞ்சாவிடில் வழக்கு மன்றம். 1940-இல் இயற்றப்பட்டு 1942-இல் நடைமுறைக்கு வந்த சட்டமே பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் பதிவுமுறையைக் கொணர்ந்தது. அது 1958-இலும், மீண்டும் 1999-இலும் மாற்றி இயற்றப்பட்டது.

இந்தப் பதிவேடு வருவதற்கு முன்னரே, தென்பாண்டி நாட்டில் குறிகளின் பெருவிளைச்சல் ஒன்று தொடங்கிவிட்டது. 1922-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குன்றிய கரிசல் பூமி. வேளாண்மை கைகொடுக்காத ஊர். சுவீடன் நாட்டு முதலீட்டில் 1923-இல் தோன்றிய பெரும் இயந்திரத் தொழிற்சாலையோடு கைத்தொழில் போட்டியிட வேண்டிய நிலை. அதற்கு முன்பே ஜப்பானியத் தீப்பெட்டிகளும் சுவீடன் தீப்பெட்டிகளும் நம் யானைகளையும் தெய்வங்களையும் தம் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டு இங்கு வந்து விற்றுக்கொண்டிருந்தன. சிவகாசியார் எடுத்துக்கொண்ட குறிகளோ அணிலும் காகமும்! அரசர் இல்லை, தெய்வம் இல்லை. நம் வீட்டுக் கொல்லையில் ஓடுவதும் கூரைமேல் கரைவதும். அணில் அய்ய நாடார், காகா சண்முக நாடார் என்று ஊரார் அவ்விருவரையும் அழைக்கலாயினர். மனிதன் பெயரைக் குறி சுமப்பது வழக்கம். இங்கே குறியின் பெயரை மனிதர் சுமந்தனர். ஒரு வாணிகக் குறிக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருப்பதாக நான் கருதவில்லை.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசி அச்சுத்தொழிலில் உயர்ந்ததற்கு இந்தச் சிறு காகிதத் துண்டும் ஒரு காரணம். தொடக்க காலத்தில் அது கல்லச்சு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செனஃபெல்டர் என்னும் செர்மானியர் கண்ட முறை அது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லின்மேல் கொழுப்பு மையால் படத்தை வரைவர். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பற்றும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். நான்கு நிறம் வேண்டுமாயின் நான்கு கற்களில் நான்கு முறை பிரித்து வரைய வேண்டும். நேரே கல்லில் வரைவதாயின் இடவலம் மாற்றி வரைய வேண்டும். எழுத்தையும் அவ்வாறே திருப்பி எழுத வேண்டும். இரண்டு அங்குல நீளமும் அதனினும் குறைந்த அகலமும் உள்ள இடத்தில் இவ்வளவும் நிகழ வேண்டும். நிறத்துக்கு நிறம் காசு. ஆகவே மஞ்சள் தரை, சிவந்த வட்டம், நடுவே கருங்கோட்டால் ஓர் உருவம் என்று ஓவியர்கள் சுருக்கக் கற்றனர். வறுமை கற்றுக்கொடுத்த அழகு அது. இன்று கணினியில் கோடி நிறங்கள் இருக்கின்றன. அந்தச் சுருக்கம் எனக்கு இன்னும் கைவரவில்லை.

அவ்வட்டாரத்து நாட்காட்டி ஓவியர்களுள் கோவில்பட்டிக் கொண்டைய ராஜுவின் பெயரை நாடு அறியும். நாடகத் திரை தீட்டியவர், பின்னர்த் தெய்வப் படங்களால் புகழ் பெற்றவர், 1976-இல் மறைந்தார். நாட்காட்டிப் படங்களின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்துக்கு இடம் உண்டு. தீப்பெட்டிப் படத்தில் கையெழுத்து இட இடமில்லை. கோடிக்கணக்கான வீடுகளில் புகுந்த அந்த அணிலைத் தீட்டிய கை எவருடையது என்று யாரும் கேட்டதில்லை.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினெண்மர். அவ்வாண்டு தொடங்கிய முதற் பொதுத் தேர்தலில் வாக்காளர்க்குச் சின்னங்களைக் காட்ட வேண்டியிருந்ததும் இது பற்றியே. மற்ற எண்பத்திருவரும் கடைக்குச் சென்றால் எதனை நம்பி வாங்குவர்? படத்தை நம்பித்தான். அந்த நம்பிக்கையின்மேல் கை வைத்தவன் நான். இப்போது என் பிழையைக் கூறுகிறேன்.

1981-ஆம் ஆண்டு. தொழிலுக்கு வந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. ஒருவர் வந்தார். அப்பளத் தொழில் தொடங்குவதாகவும் அதற்கு மார்க்கு வேண்டும் என்றும் சொன்னார். சட்டைப்பையிலிருந்து வேறோர் அப்பளக் கட்டின் லேபிளை எடுத்து மேசைமேல் வைத்தார். மஞ்சள் தரையில் ஒரு பறவை. எந்தப் பறவை என்பதை நான் சொல்லப்போவதில்லை. “தம்பி, இதே மாதிரி வேண்டாம். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் இதே மாதிரி இருக்க வேண்டும்” என்றார். நான் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ளும் வயது. பறவையை மாற்றினேன், நிறத்தை மாற்றவில்லை. வலப்புறம் நோக்கியதை இடப்புறம் நோக்கச் செய்தேன். வட்டத்தின் அளவை மாற்றவில்லை. எழுத்து வேறு, எழுத்தின் சாயல் வேறன்று. அருகருகே வைத்தால் நூறு வேறுபாடு காட்டலாம். அவர் மகிழ்ந்து, பேசியதற்கு மேல் இருபத்தைந்து ரூபாய் கொடுத்தார்.

சில மாதங்கள் சென்றபின் மதுரையில் ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மூதாட்டி வந்து, அந்தப் பழைய பறவையின் பெயரைச் சொல்லி, அந்த அப்பளத்தில் ஒரு கட்டுக் கேட்டார். கடைக்காரர் நான் வரைந்த கட்டை எடுத்துக் கொடுத்தார். அம்மூதாட்டி அதனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். மஞ்சள் இருந்தது, பறவை இருந்தது. “இதுதான், இதுதான்” என்று முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து எண்ணிக் கொடுத்துச் சென்றார். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். ‘பாட்டி, அது வேறு’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் இரண்டு யானை வழக்கைப் படித்தபோது எனக்கு உறக்கம் வராத காரணம் இப்போது விளங்கும். அருகருகே வைத்துப் பார்ப்பது இலண்டன் வழக்கறிஞரின் கண். கடைக்கு வருகிறவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று அவர் கையில் இருக்கிறது. மற்றொன்று அவர் நினைவில் இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1962-ஆம் ஆண்டு, அமிர்ததாரா, லட்சுமணதாரா என்னும் இரு மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கில் இதனையே அளவுகோலாகக் கொண்டது. நடுத்தர அறிவும் மங்கலான நினைவும் உடைய, ஐயுறாமல் வாங்கும் ஒருவர் எவ்வாறு கொள்வார் என்பதே கேள்வி என்றது. அந்த மங்கலான நினைவுக்குள் நுழைந்து திருடும் வித்தையைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணியிருந்தேன்.

கதை அத்துடன் முடியவில்லை. 1985-ஆம் ஆண்டு ஒரு பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். வேட்டியில் உளுந்து மாவு படிந்திருந்தது. அப்பளம் இடுபவர் என்றும், குடும்பமே அத்தொழிலில் இருப்பதாகவும் சொன்னார். “பதினெட்டு வருடமாக ஒரு பறவை மார்க்கில் விற்று வந்தேன், ஐயா. அதே மாதிரி யாரோ ஒருவர் கொண்டுவந்துவிட்டார். சரக்கு மட்டம், வசவு எனக்கு. பதிவும் செய்து வைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போக வசதியில்லை. அதனால் படத்தையே மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார். அவர் யார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யார் என்பது அவருக்குத் தெரியாது.

நான் சொல்லவில்லை. அந்தத் துணிவு அன்று இல்லை. இன்று அவர் உயிரோடு இல்லை. ஆகையால் இங்கே சொல்வதிலும் பெரிய துணிவு ஒன்றும் இல்லை. வரைந்து தருகிறேன் என்றேன். ஐந்து வாரம் ஆயிற்று. அவருடைய வாடிக்கைக் கடைகளுக்குச் சென்று நின்று, பெண்கள் எந்தச் சொல்லால் எந்தப் பொருளைக் கேட்கிறார்கள் என்று கவனித்தேன். மாட்டுத்தாவணிப் பக்கம் எவரும் பறவையை எடுத்துக்கொள்ளாத சரக்கு இல்லை. இறுதியில் செம்பருத்திப் பூ ஒன்றை வரைந்தேன். ஐந்து இதழ், ஒரே சிவப்பு, வெள்ளைத் தரை. மூட்டைமேல் தகர அச்சு வைத்துப் பூசினாலும் சிதையாது. ரப்பர் முத்திரையிலும் தெரியும். எவர் நிறத்தையும் வாங்கவில்லை. கூலி வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்டார். புதுக் குறிக்கு முதல் கூலி வாங்குவதில்லை என்று ஒரு பொய் சொன்னேன். இரண்டு கட்டு அப்பளத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஓர் ஆண்டு கழித்து மீண்டும் வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது. “விற்பனை பழையபடி வந்துவிட்டது, ஐயா. ஆனால் ஒன்று, நீங்கள் பூ என்றீர்கள், ஒருவரும் பூ என்று கேட்கவில்லை” என்றார். ஐந்து இதழ்களையும் நான் சற்றே ஒருபுறமாகச் சாய்த்து வரைந்திருந்தேன். அஃது எனக்கு நயமாகத் தோன்றிற்று. கடைத்தெருவில் அதனைக் காற்றாடி என்று கண்டிருக்கிறார்கள். காற்றாடி அப்பளம் கொடுங்கள் என்றே கேட்கிறார்களாம். இதழ்களை நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் பதறிப் போனார். “அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள்” என்றார். அடுத்த முறை லேபிள் அச்சிட்டபோது, என் செம்பருத்தியின் அடியில் ‘காற்றாடி மார்க்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். பதிவும் செய்தார், விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன்.